உளக்காயமும் அன்றாட வாழ்வும்: பாலாற்றுத் தோல் தொழில் ஊர்களை முன்வைத்து

உளக்காயம் என்பது உயிருக்கோ உடலுக்கோ மானத்துக்கோ பெரும் ஆபத்து நேர்ந்த ஒரு நிகழ்வு, முடிந்துபோன பின்னும் ஒருவருடைய மனத்திலும் உடலிலும் தொடர்ந்து வேலை செய்யும் நிலையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் வழங்கும் ட்ராமா என்னும் சொல், காயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வேலூர்ப் பக்கத்து மக்கள் இச்சொல்லை முதலில் கேட்பது பெரும்பாலும் மருத்துவமனை வாசலில்தான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்டவர்களைக் கொண்டுபோகும் இடத்துக்கு ட்ராமா வார்டு என்று பெயர். அந்த வார்டில் எலும்பு கூடிவிடும். எலும்பு கூடி வீடு திரும்பியவர், லாரியின் ஆரன் சத்தம் கேட்டதும் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு வியர்த்துப்போய் நிற்கிறார் என்றால், அது இன்னொரு காயம். இக்கட்டுரை அந்த இரண்டாவது காயத்தைப் பற்றியது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் 2019 நவம்பர் வரை ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இப்போது வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துள்ளன. தோல் பதனிடுவதும் காலணி தைப்பதும் இங்கே தலைமுறைத் தொழில். ஒரே வீட்டில் தகப்பனார் தோல் ஷாப்பிலும், மகள் ஷூ கம்பெனியிலும், தாயார் திண்ணையில் உட்கார்ந்து காலணி மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பதுமாக இருப்பார்கள். உளக்காயத்தின் வகைகளைப் பாடப்புத்தகத்தில் பிரித்துப் படிக்கலாம். இவ்வூர்களில் அவை பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் கலந்து கிடக்கின்றன.

உடலில் நடப்பது என்ன?

ஆபத்து வந்தால் மூளையின் உள்ளே அமிக்டலா என்னும் சிறு பகுதி எச்சரிக்கை மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடு, எதிர்த்து நில், அல்லது அசையாமல் உறைந்துபோ என்று உடல் தானாகவே முடிவெடுக்கிறது. மூன்றாவதை நம் சமூகம் அவ்வளவாகப் புரிந்துகொள்வதில்லை. "கத்தியிருக்கலாமே, ஓடியிருக்கலாமே" என்று பாதிக்கப்பட்ட பெண்ணிடம் கேட்கும் கேள்வி இந்த அறியாமையிலிருந்து வருவதுதான். உறைந்துபோவது சம்மதமும் ஆகாது, கோழைத்தனமும் ஆகாது.

ஆபத்து நீங்கியதும் மணி அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. அந்த நிகழ்வு 'நேற்று நடந்தது' என்ற முத்திரையோடு நினைவில் சேராமல், 'இப்போது நடக்கிறது' என்பதுபோல் சிதறலாக நிற்கிறது. ஒரு வாசனை, ஒரு சத்தம், மழை இருட்டு போதும், எல்லாம் திரும்பி வந்துவிடும். அதனால் அந்த இடத்தையும் அந்தப் பேச்சையும் தவிர்க்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, எரிச்சல் கூடுகிறது, யார் மீதும் நம்பிக்கை இல்லாமல் போகிறது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் உறவையும் கெடுத்தால் மருத்துவர்கள் அதனைப் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்தக் கோளாறு என்பர். சுருக்கமாக பி.டி.எஸ்.டி. இந்தப் பெயர் 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி உலக மக்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தகைய நிகழ்வைச் சந்திக்கின்றனர். ஆனால் பி.டி.எஸ்.டி. வந்தவர்கள் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 3.9 விழுக்காடு மட்டுமே. பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். உடன் இருந்து சோறு போட்டு, இரவில் துணைக்குப் படுத்துக்கொள்ளும் மனிதர்கள் இருந்தால் தேறும் வாய்ப்பு கூடுகிறது.

ஒரே இரவில் நேர்வது

2021 நவம்பரில் பெய்த கனமழையில் பாலாறு பல ஆண்டுகளுக்குப் பின் கரைபுரண்டது. நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு ஒன்று இடிந்து விழுந்து, உள்ளே இருந்த 9 பேர் இறந்தனர். அவர்களில் 4 பேர் குழந்தைகள். அதற்கு முன் 2015 ஜனவரி 31 அதிகாலையில், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. கழிவுச் சேறு பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் பாய்ந்ததில், அங்கே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இவ்விரண்டும் ஒற்றை நிகழ்வு உளக்காயத்துக்கு எடுத்துக்காட்டுகள். அமெரிக்கக் குழந்தை உளமருத்துவர் லெனோர் டெர் 1991இல் இதனை முதல் வகை என்றார். 1976இல் கலிபோர்னியாவில் சவ்சில்லா என்ற ஊரில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு மண்ணுக்கடியில் அடைக்கப்பட்டு, பின்னர் உயிரோடு மீண்ட 26 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர் அவர். ஒருவருக்கும் பெரிய உடற்காயம் இல்லை. ஆனாலும் நான்கைந்து ஆண்டுகள் கழித்தும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் தடம் இருந்தது. இருட்டு, வாகனம், முன்பின் தெரியாத ஆள் என்று ஏதோ ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் வகையில் நினைவு கூர்மையாக இருக்கும். சுவர் விழுந்த சத்தத்தை, மின்சாரம் போன நொடியைக்கூடச் சொல்வார்கள். அன்றாட வாழ்வில் இதன் விளைவு பெரும்பாலும் அந்த நிகழ்வைச் சுற்றியே அமையும். மழைக்காலத்தில் மண்சுவருக்குப் பக்கத்தில் படுக்கமாட்டார்கள், மேகம் திரண்டாலே பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கார்த்திகை மாதம் நெருங்கும்போது காரணம் சொல்லத் தெரியாத படபடப்பு வரும். இதனை ஆண்டுநினைவு எதிர்வினை என்பர். வீட்டார் இதைப் 'பழசையே நினைத்துக்கொண்டு' என்று கடிந்துகொள்வதுண்டு. நினைப்பது அவர் அல்லர், அவருடைய உடல்.

வெளிமாநிலத் தொழிலாளர் நிலை இன்னும் கடினம். உடன் படுத்திருந்தவன் இறந்தான், இவன் பிழைத்தான். ஊருக்குப் போய் அழுவதற்கு விடுப்பு இல்லை, இங்கே அழுவதற்கு மொழி இல்லை. பிழைத்தவரின் குற்றவுணர்வு என்று இதற்கு உளவியலில் பெயர் உண்டு.

தோல் தொழிலுக்கே உரிய ஒரு விபத்து இக்குற்றவுணர்வை மிகக் கொடுமையாக உண்டாக்குகிறது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். இந்தக் கழிவு தொட்டியில் தேங்கினாலும் அமிலம் கலந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இவ்வாயு, அளவு மிகும்போது மூக்கின் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை என்று நினைத்து இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார். கரையில் நின்று மூன்றாவதாக இறங்காமல் விட்டவர்தான் பிழைக்கிறார். அறிவியல்படி அவர் செய்தது சரி. மனம் அதை வருடக்கணக்கில் ஒத்துக்கொள்வதில்லை.

நாள்தோறும் நேர்வது

டெர் சொன்ன இரண்டாம் வகை, ஒருமுறை நடந்து முடியாமல் திரும்பத் திரும்ப நடப்பது: குடித்துவிட்டு வரும் தகப்பன், அடி, பாலியல் சீண்டல், கொத்தடிமை நிலை. அடுத்த ஆண்டு, 1992இல், ஜூடித் ஹெர்மன் என்ற உளமருத்துவர் இத்தகைய நீண்ட சிறைப்பாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று வாதிட்டார். முப்பது ஆண்டு கழித்து, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்ற பெயர் இடம்பெற்றது.

இங்கே நினைவு கூர்மையாக இருப்பதில்லை, மங்கிப்போகிறது. ஒரு நாளைச் சுட்டிக்காட்டி 'இதுதான் நடந்தது' என்று சொல்ல முடியாது. பாதிக்கப்படுவது ஆளின் இயல்பே என்று தோன்றும். கோபம் வந்தால் அடங்காது அல்லது எதற்குமே கோபம் வராது. தன்னைப் பற்றி 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் ஊறிக்கிடக்கும். யாரையாவது நெருங்கிவிட்டு உடனே விலகுவார்கள். சம்பளத்தில் ஏமாற்றினாலும் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். கம்பெனியில் சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால் கை நடுங்கித் தையல் கோணும். தையல் கோணினால் மீண்டும் திட்டு. துண்டுக்கு இத்தனை என்று கூலி வாங்குபவருக்கு நடுங்கும் கை என்பது நேராகக் கூலிக் குறைவு.

குழந்தைப் பருவத்தில் பட்டது பெரியவர் உடம்பில் எப்படி வெளிப்படுகிறது என்பதை 1998இல் பெலிட்டி, அண்டா ஆகிய இரு மருத்துவர்கள் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டுத் தொகுத்த ஆய்வு அது. துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூடக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி மட்டுமின்றி இதய நோயும் கூடியிருந்தது. எல்லோருக்கும் அப்படி நேரும் என்பது இதன் பொருள் அன்று. நேரும் வாய்ப்பு கூடுகிறது என்பதே.

வகுப்பறையில் இப்பிள்ளைகளை அடையாளம் காண்பது ஆசிரியர்களுக்கு எளிதாக இருந்திருக்க வேண்டும். பல நேரம் தவறாகவே அடையாளம் காணப்படுகிறார்கள். கரும்பலகையைப் பார்த்தபடி எங்கோ போய்விடும் பிள்ளைக்கு மந்தம் என்றும், தோளில் கை வைத்ததும் துள்ளித் திமிறும் பையனுக்கு அடங்காப்பிடாரி என்றும் பட்டம் கிடைக்கிறது. எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்திருக்கும் மூளைக்குப் பெருக்கல் வாய்பாட்டுக்கு ஒதுக்க இடம் இருப்பதில்லை. அப்பிள்ளையைப் பிரம்பால் திருத்த முயல்வது, எரியும் அடுப்பில் மேலும் விறகு வைப்பது போன்றது. பள்ளியில் உடல்தண்டனை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டுள்ளது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

தோல் தொழிலுக்குச் சாதி இழிவும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. 'உன் மேல் வாடை அடிக்கிறது' என்று சக மாணவன் சொல்வதை ஒரு தனி நிகழ்வாகப் பார்த்தால் சிறியதாகத் தெரியும். பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே வளர்வது சிறியதன்று. அப்பாவின் வேலையைப் படிவத்தில் எழுதும்போது 'கூலி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் பிள்ளைகள் உண்டு.

ஊருக்கே நேர்வது

சில காயங்கள் தனி ஆளுக்குரியவை அல்ல. பாலாற்றுப் படுகையில் கிணற்று நீர் உப்பாகி, நிறம் மாறி, நிலம் பயிருக்கு உதவாமல் போனது ஒரே இரவில் நடக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பு, தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்துபவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் இது முக்கியமானது. இழப்பீடும் நிலச் சீரமைப்பும் முடியாத கதையாக நீண்டு, 2025 ஜனவரியிலும் இதே பகுதி குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

வீட்டை விட்டுப் போகாமலே வீடு அந்நியமாகும் துயரத்துக்கு ஆஸ்திரேலியத் தத்துவப் பேராசிரியர் கிளென் ஆல்பிரெக்ட் சோலாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். ஆம்பூர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர், தான் நீந்திய கிணற்றின் மேட்டில் உட்கார்ந்து குடம் பத்து ரூபாய்க்கு வரும் டேங்கர் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது படுவது அதுதான். இது பி.டி.எஸ்.டி. அன்று. மருந்து எழுதிக் கொடுக்கவும் முடியாது. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, பேரப்பிள்ளைகளோடு பேச ஒன்றுமில்லாமல் போவது என்று அன்றாட வாழ்வில் அதன் அடையாளம் தெரியும். இதில் ஒரு முரணும் உண்டு. நிலத்தைக் கெடுத்த அதே தொழில்தான் நிலம் இழந்தவரின் மகளுக்குச் சம்பளம் தருகிறது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத துயரம் எளிதில் ஆறாது.

இலங்கைத் தமிழரிடையே போருக்குப் பின் கூட்டு உளக்காயத்தைப் பற்றி யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார். குடும்பமும் ஊரும் உடைந்த இடத்தில் தனி ஆளுக்கு மட்டும் சிகிச்சை அளிப்பது போதாது, ஊர்ச் சடங்குகளையும் கூடல்களையும் மீட்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. போரையும் மாசையும் ஒன்றாக்க முடியாது என்றாலும் அக்கருத்து இங்கும் பொருந்தும்.

உடலுறுப்பு இழப்போடு வருவது

தோல் சீவும் இயந்திரத்திலும் பெரிய உருளைகளிலும் விரலோ கையோ போனவர்கள் இப்பகுதியில் அரியவர்கள் அல்லர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு ஈட்டுத்திறன் இழப்பு என்று கணக்கு இருந்தது. தூக்கம் போனதற்கு அந்த அட்டவணையில் வரி இருக்கவில்லை. இயந்திரத்துக்கு அருகே மறுபடி போனால் கால் பின்வாங்குவதற்கும் இருக்கவில்லை.

இதில் வேலூரின் சொந்த வரலாறு ஒன்று படிக்கத் தக்கது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் முறிந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். முகத்திலும் காயம். இளம் மருத்துவர் ஒருவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே எவரும் நினைப்பர், அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட், கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதைச் சுட்டிக்காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி வர்கீஸ் அறுவை செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அத்துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதை 'மனஉறுதி இருந்தால் எல்லாம் முடியும்' என்ற கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். அவருக்குச் சிகிச்சை கிடைத்தது, செய்யக்கூடிய வேலை ஒன்றை இன்னொருவர் கண்டுபிடித்துக் கொடுத்தார், அறுவை அறைக்குள் நாற்காலி போக வழி இருந்தது. கை இழந்த தொழிலாளி ஒருவருக்கு இம்மூன்றும் கிடைக்காதபோது அவரிடம் உறுதியை மட்டும் எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

ஓதி ஊதுவதும் மந்திரிப்பதும்

பிள்ளை பயந்துவிட்டால் மாலையில் பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதும், தொழுகை முடிந்து வருபவர்கள் ஓதி ஊதுவதும் இவ்வூர்களில் எல்லா மதத்தாரும் செய்வது. வேப்பிலை அடிப்பது, தாயத்துக் கட்டுவது, தேவாலயத்தில் செபிப்பது எல்லாம் உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடத் தேவையில்லை. பத்துப் பேர் அன்போடு குனிந்து பார்க்கிறார்கள், பிள்ளைக்கு நேர்ந்தது நிசம் என்று ஊர் ஒத்துக்கொள்கிறது; பாதுகாப்பு உணர்வு திரும்ப அது உதவவே செய்யும். ஆனால் மூன்று, நான்கு வாரம் ஆகியும் பிள்ளை உறங்காமல் அலறி எழுந்தால், படுக்கையில் சிறுநீர் கழித்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், ஓதியதோடு நிற்காமல் மருத்துவரிடமும் போக வேண்டும். சங்கிலியில் கட்டுவதும் சாட்டையால் அடித்துப் பேயோட்டுவதும் வேறு. அவை காயத்தின் மேல் காயம்.

பெரியவர்கள் நாடும் கைவைத்தியம் பெரும்பாலும் டாஸ்மாக் கடைதான். மது முதல் இரண்டு மணி நேரம் தூக்கம் தருவதுபோல் இருக்கும். பின்னிரவில் தூக்கத்தை உடைத்துக் கெட்ட கனவைக் கூட்டும். குடிகாரன் என்று ஊர் பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் முதலில் தூக்கம் வராதவர்களாக இருந்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

உதவி, சிகிச்சை

விபத்து நடந்த உடன் செய்ய வேண்டியவை எளியவை: பாதுகாப்பான இடம், தண்ணீர், சாப்பாடு, உறவினரோடு சேர்த்து வைத்தல், அடுத்து என்ன நடக்கும் என்ற சரியான தகவல். இதனை உளவியல் முதலுதவி என்பர். 'அழுதுவிடு, எல்லாவற்றையும் சொல்லிவிடு' என்று அன்றே வற்புறுத்துவது நல்லதல்ல. நிகழ்ந்ததை உடனே ஒரே அமர்வில் முழுவதும் சொல்லவைக்கும் முறை பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர் தாமாகச் சொன்னால் கேட்க வேண்டும். தொலைக்காட்சி ஒலிவாங்கியை நீட்டிச் சொல்லவைக்கக் கூடாது. முதல் மாதத்தில் டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளை இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் உள்ள ஊர்களுக்கு இது முக்கியமான செய்தி.

நீடிக்கும் காயத்துக்குப் பயிற்சி பெற்றவரோடு படிப்படியாக அந்நினைவை அணுகும் பேச்சுச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. கண் அசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் ஏற்கப்பட்டுள்ளது. சிலருக்கு மனச்சோர்வு மருந்துகள் தேவைப்படும். பாகாயத்தில் 1957இல் தொடங்கிய கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையைத் தொடக்கத்திலேயே கொண்டுவந்தது. வீட்டார் புரிந்துகொள்ளாமல் வீட்டில் யாரும் தேறுவதில்லை என்பதால் இது பொருத்தமான முறை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அதே சட்டம் கூறுகிறது. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் இழந்து வர இயலாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் அழைக்கலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. டெலி-மானஸில் வங்காளி, இந்தி, உருது உள்ளிட்ட வேறு பல மொழிகளிலும் பேச முடியும் என்பதைத் தொழிற்சாலை வாசலில் எழுதி வைத்தால் அங்கே தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத்தவருக்குப் பயன்படும்.